நிறம் ஏறாத இடத்தைப் பற்றி

“கட்டி இருக்குன்னு ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துச் சொல்லிட்டாங்களே, ஆபரேஷனுக்கு முன்னாடி மறுபடியும் எதுக்கு? அதுவும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்ங்கறீங்க?”

மூளைக் கட்டி அறுவைக்கு நாள் குறித்தவர்களின் வீட்டார் ஸ்கேன் அறை வாசலில் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். நியாயமான கேள்வி. நான் எம்.ஆர்.ஐ. டெக்னாலஜிஸ்ட். படத்தைப் படித்து ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜிஸ்ட்டின் வேலை, கட்டியை எடுப்பது நியூரோ சர்ஜனின் வேலை. அவர்கள் இருவருக்கும் முன்னால் நோயாளியோடு உட்கார்ந்து பேசி, அவரைப் பழக்கி, நம்பத்தகுந்த படம் எடுத்துத் தருவது என் பொறுப்பு. அந்த இடத்தில் நின்று பார்த்ததைத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது அறுவையை எப்போது, எப்படிச் செய்வது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தால் உங்கள் மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்.

முதல் ஸ்கேன் கட்டி இருக்கிறதா, எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது என்பதைச் சொல்லிவிடுகிறது. அறுவைக்கு முன் எடுப்பதன் கேள்விகள் வேறு. அது என்ன வகைக் கட்டி? அதை ஒட்டி மூளையின் எந்த வேலை நடக்கிறது? கையை, காலை, பேச்சை, பார்வையைக் கொண்டுபோகும் நரம்புப் பாதைகள் அதன் எந்தப் பக்கமாகப் போகின்றன?

வகையைக் கண்டுபிடிக்க உதவும் படங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நோயாளிக்கு இவற்றில் அசையாமல் படுத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. டிஃப்யூஷன் என்பது திசுவுக்குள் தண்ணீர் எவ்வளவு தாராளமாக நகர்கிறது என்று பார்ப்பது. கான்ட்ராஸ்ட் மருந்து (கட்டியைப் படத்தில் எடுத்துக்காட்ட ஊசி வழியே போடுவது) போட்டதும் வளையம்போல் ஒளிரும் கட்டி ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். உள்ளே சீழ் இருந்தால் அந்தக் கெட்டியான திரவத்தில் தண்ணீரால் நகர முடியாது, நடுப்பகுதி பளீரென்று தெரியும். கட்டியின் நடுவில் திசு செத்துக் கரைந்திருந்தால் தண்ணீர் அங்கே தடையில்லாமல் நகரும், அந்தப் பளீர் வெளிச்சம் பொதுவாக இருக்காது. முதலாவது மூளைச் சீழ்க்கட்டி, இரண்டாவது பெரும்பாலும் புற்றுக்கட்டி. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. சில நிமிடங்களில் முடியும் இந்தப் படம் ஒரு குடும்பத்துக்குச் சொல்லப்போகும் செய்தியையே மாற்றிவிடும்.

பெர்ஃப்யூஷன், கட்டிக்குள் எவ்வளவு ரத்தம் ஓடுகிறது என்று காட்டுவது. காடோலினியம் என்ற உலோகம் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தை நொடிக்கு 4 அல்லது 5 மில்லி வேகத்தில் உள்ளே தள்ளுவோம். சாதாரணக் கான்ட்ராஸ்ட்டுக்குப் போடும் மெல்லிய ஊசி இந்த வேகத்தைத் தாங்காது. கொஞ்சம் பெரிய வென்ஃப்ளான் (ரத்தக்குழாயில் செருகி வைக்கும் குழாய் ஊசி) போடும்போது முகம் சுளிக்கிறார்கள், அதனால்தான் காரணத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். தீவிரமான கட்டிகள் புதுப்புது ரத்தக்குழாய்களை வளர்த்துக்கொள்வதால் அங்கே ரத்த அளவு கூடுதலாக இருக்கும். அந்த அளவை எதிர்ப்பக்கத்து நல்ல வெள்ளைத் திசுவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 2003இல் வெளியான ஆய்வு ஒன்று 1.75 மடங்குக்கு மேல் போனால் தீவிரமான கட்டியாக இருக்கலாம் என்று ஒரு எல்லையைச் சொன்னது. இன்றும் பல இடங்களில் அந்த எண் பேசப்படுகிறது. ஆனால் அதைக் கோடாக நினைத்துக்கொள்ளக் கூடாது. ஆலிகோடெண்ட்ரோகிளையோமா என்ற வகை, குறைந்த தரக் கட்டியாக இருந்தாலும், தனக்கென்று நுண்ணிய ரத்தக்குழாய் வலையை வைத்திருப்பதால் எண்ணைக் கூட்டிக் காட்டும்.

ஸ்பெக்ட்ரோஸ்கோபி, திசுவில் உள்ள வேதிப்பொருள்களை ஊசி குத்தாமல் அளப்பது. ஒவ்வொரு பொருளும் வரைபடத்தில் தனக்கென்று ஒரு எண்ணுள்ள இடத்தில் சிகரமாக வரும். செல் சவ்வோடு தொடர்புள்ள கோலின் 3.2 என்ற இடத்தில் உயர்ந்து, நல்ல நரம்பு செல்களின் அடையாளமான என்.ஏ.ஏ. 2.0 என்ற இடத்தில் தாழ்ந்தால் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன, நரம்பு செல்கள் அழிகின்றன என்று பொருள். ஐ.டி.எச். மரபணு மாறிய கட்டிகள் 2-ஹைட்ராக்ஸிகுளூட்டரேட் என்ற பொருளைக் குவித்து வைக்கும். அதன் சிகரம் 2.25 பக்கத்தில் வரும். ஆனால் குளூட்டமேட்டும் குளூட்டமினும் அங்கேயே ஒட்டிக்கொண்டு இருப்பதால் பிரித்தெடுப்பது லேசான காரியம் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டில், பெரியவர்களுக்கு வரும் பரவும் வகைக் கிளையோமாவின் (மூளையின் துணைசெல்களில் தோன்றும் கட்டி) பெயரையே ஐ.டி.எச். நிலைதான் தீர்மானிக்கிறது. அதனால் கத்தி படும் முன்பே அதை ஊகிக்க முடிந்தால் சர்ஜனுக்குப் பெரிய உதவி. கடைசி வார்த்தை பயாப்சிக்கு, அதாவது கட்டியில் ஒரு துண்டை எடுத்துச் சோதிப்பதற்குத்தான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மூளை லிம்போமா (வெள்ளையணுக்களிலிருந்து வரும் புற்று) என்றொரு வகை இருக்கிறது. டிஃப்யூஷனில் தண்ணீர் நகர்வு தடைப்பட்டிருக்கும், கான்ட்ராஸ்ட்டில் நன்றாக ஒளிரும், பெர்ஃப்யூஷனில் மட்டும் எதிர்பார்த்த அளவுக்கு உயராது. படத்தைப் பார்த்து ரேடியாலஜிஸ்ட்டுக்கு அந்தச் சந்தேகம் வந்தால் உடனே போனை எடுப்பார். காரணம், தலைவலியும் வீக்கமும் குறையக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையே இந்தக் கட்டியைத் தற்காலிகமாகச் சுருக்கிவிடும். அப்புறம் பயாப்சி எடுத்தால் வந்திருப்பது என்னவென்று சொல்ல முடியாமல் போகலாம். நோயாளியின் நிலைமை தாங்குமென்றால், பயாப்சி முடியும்வரை ஸ்டீராய்டைத் தள்ளிப்போடுவார்கள். நல்ல படம் வேளையோடு வந்ததால் கிடைக்கும் பலன் இது.

இனி நான் அதிக நேரம் செலவழிக்கும் இடத்துக்கு வருகிறேன். எஃப்.எம்.ஆர்.ஐ. நோயாளி படுத்துக்கொண்டே ஒரு வேலையைச் செய்வார், அந்த வேலைக்கு மூளையில் எந்தப் பகுதி இயங்குகிறது என்று நாங்கள் படமெடுப்போம். ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் தன்னைச் சுற்றியுள்ள எம்.ஆர்.ஐ. சிக்னலைக் கொஞ்சம் கெடுக்கும். ஓரிடம் வேலை செய்யும்போது மூளை அங்கே தேவைக்கு மேலாகவே புது ரத்தத்தை அனுப்புகிறது, கெடுக்கும் ஹீமோகுளோபினின் செறிவு குறைகிறது, சிக்னல் ஏறுகிறது. செய்ஜி ஒகாவா 1990இல் எலிகளில் இதைக் காட்டினார், 1992இல் மனிதர்களில் காட்டப்பட்டது. ஏறும் அளவோ நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். ஒரே ஒரு முறை விரலை அசைத்தால் இரைச்சலில் காணாமல் போய்விடும். அதனால் இருபது, முப்பது விநாடி வேலை, அதே அளவு ஓய்வு என்று மாற்றி மாற்றி நான்கைந்து நிமிடம் ஓட்டுகிறோம். வேலையோடு சேர்ந்து சிக்னல் ஏறிய இடங்களுக்குக் கணினி நிறம் பூசிக் காட்டும்.

இதில் எல்லாமே நோயாளி சொன்னதைச் சொன்ன நேரத்தில் செய்கிறாரா என்பதில்தான் இருக்கிறது. மிஷினுக்குள் அனுப்பிவிட்டுச் சொல்லிக்கொடுக்க முடியாது. உள்ளே நூறு டெசிபலைத் தாண்டும் சத்தம், முகத்துக்கு மேல் கூண்டு, மனதில் ஆபரேஷன் பயம். ஆகவே வெளியே, அமைதியான அறையில், நாற்காலி போட்டு உட்கார்ந்து பழக்குவேன்.

தையல்காரர் ஒருவர் வந்திருந்தார். வயதானவர். வலது கை விரல்கள் அவ்வப்போது இழுத்துக்கொள்கின்றன என்று வந்ததில் இடப்பக்க மூளையில், கையை ஆளும் பகுதியை ஒட்டி, கட்டி இருப்பது தெரிந்தது.

“ஏம்மா, எம்.ஆர்.ஐ.ன்னா அசையவே கூடாதுன்னு சொன்னாங்க. நீங்க விரலை ஆட்டுங்கறீங்களே?”

“விரல் மட்டும் ஆடணும்ங்கய்யா. முழங்கை, தோள், தலை எதுவும் கூடவே வரக் கூடாது.”

கட்டை விரலால் மற்ற நான்கு விரல்களையும் வரிசையாகத் தொட்டுக் காட்டினேன். அவர் செய்யும்போது இடது கை விரல்களும் தானாக லேசாக அசைந்தன. பலவீனமான கையால் முயன்று செய்கிறவர்களுக்கு இப்படி ஆவது வழக்கம். கவனிக்காமல் விட்டால் எதிர்ப்பக்க மூளையிலும் நிறம் ஏறும், வேலை அந்தப் பக்கத்துக்கு இடம் மாறிவிட்டது என்று யாராவது தவறாகப் படித்துவிடலாம். இடது கையைத் தொடைக்கு அடியில் வைக்கச் சொல்லி மறுபடி பழக்கினோம். வேகத்தையும் குறைத்தோம். பிடிவாதமாக வேகமாகச் செய்தால் தலை தாளத்தோடு ஆடும். ஆட்டம் வேலையோடு ஒத்துப்போவதால் கணினி அதையும் மூளையின் வேலையாக எடுத்துக்கொண்டு மூளையின் விளிம்பில் பொய்யான நிறக் கோடுகளை வரைந்துவிடும்.

படம் வந்தது. வலது கைக்கு உரிய இடத்தில், கட்டியின் பின்னோரத்தில், எதிர்பார்த்ததைவிட மிகச் சிறிய நிறப்புள்ளி மட்டும். கட்டியை ஒட்டிய பகுதி முழுக்கச் சாம்பல் நிறம். பார்க்கிற யாருக்கும் “அப்போ அந்த இடத்துல கை இல்ல, தாராளமா எடுக்கலாம்” என்றுதான் தோன்றும்.

இந்தப் பதிவே அந்த எண்ணத்தைப் பற்றித்தான். நிறம் ஏறாத இடம் வெட்டலாம் என்று எழுதிக் கொடுத்த இடம் கிடையாது.

எஃப்.எம்.ஆர்.ஐ. பார்ப்பது ரத்தத்தை. நரம்பு செல்லை நேரடியாகப் பார்ப்பதில்லை. நல்ல மூளையில் செல் வேலை செய்தால் ரத்தம் கூடும் என்ற தொடர்பு ஒழுங்காக இருக்கிறது. கட்டியின் அருகே அந்தத் தொடர்பு அறுந்திருக்கலாம். கட்டி வளர்த்த குழாய்கள் விரியவோ சுருங்கவோ தெரியாதவை. அங்கே செல்கள் முழு மூச்சாக வேலை செய்தாலும் ரத்தம் கூடாது. ரத்தம் கூடாவிட்டால் நிறம் ஏறாது. கைக்கு உரிய இடம் உயிரோடு இருக்கும், படம் மட்டும் அதைக் காட்டாது.

இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு, அதை இன்னும் அதிக இடங்களில் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. மூச்சை அடக்கச் சொல்வது. பதினைந்து விநாடி மூச்சைப் பிடித்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும், மூளை முழுக்கக் குழாய்கள் விரியும், எங்கும் சிக்னல் ஏற வேண்டும். ஏறாத பகுதியில் குழாய்களுக்குப் பதில் சொல்லும் திறன் இல்லை என்று தெரிந்துவிடும். அங்கே விரலாட்டப் படத்தில் நிறம் இல்லாததற்கு மதிப்பே கிடையாது. தையல்காரரிடம் செய்யச் சொன்னோம். மூளை முழுக்க நிறம் வந்தது, கட்டியைச் சுற்றி மட்டும் வரவில்லை. விரலாட்டத்தில் சாம்பலாக இருந்த அதே பகுதி.

ரேடியாலஜிஸ்ட் நிறப்படத்தை மூடிவிட்டு, மூளையின் அமைப்பை மட்டும் காட்டும் சாதாரண டி2 படத்தைத் திறந்தார். உடல் அசைவை ஆளும் முன்மையப் புடைப்பு என்ற மூளை மடிப்பில் கைக்கு உரிய இடம் தலைகீழ் ஒமேகா எழுத்துப்போல ஒரு மேடாகத் தெரியும். 1997இல் யூஸ்ரியும் உடன் வேலை செய்தவர்களும் விவரித்தது. அந்த மேடு கட்டியால் தள்ளப்பட்டிருந்தாலும் வடிவம் கெடாமல் இருந்தது. ரிப்போர்ட்டில் அவர் எழுதியதன் சாரம் இவ்வளவுதான்: இங்கே நிறம் இல்லாததைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், கைப்பகுதி இங்கேயே இருக்க வாய்ப்பு உண்டு, அறுவையின்போது மின்சாரத்தால் தூண்டிப் பார்க்கவும். நோயாளியை விழிக்க வைத்துச் செய்த அறுவையில், சாம்பலாக இருந்த அந்த இடத்தை மின்முனையால் தொட்டபோது விரல்கள் மடங்கின. அந்த ஓரத்தைச் சர்ஜன் தொடாமல் விட்டார்.

மூளைக்கு வலி தெரியாது என்பதால்தான் விழிப்பு நிலை அறுவை சாத்தியமாகிறது. வைல்டர் பென்ஃபீல்ட் மான்ட்ரியலில் நோயாளிகள் விழித்திருக்கும்போதே மூளையைத் தூண்டிப் பார்த்து வரைபடம் செய்தார். உடல் உறுப்புகள் எந்த வரிசையில் மூளையில் அமர்ந்திருக்கின்றன என்ற அவரது கட்டுரை 1937இல் வந்தது. இத்தனை காலத்துக்குப் பிறகும் நேரடித் தூண்டலே கடைசித் தீர்ப்பு. அதைத் தேவையில்லாமல் ஆக்குவதற்கு எங்கள் படங்கள் வரவில்லை. எங்கே மண்டை ஓட்டைத் திறப்பது, எங்கே தூண்டிப் பார்ப்பது, நோயாளியை விழிக்க வைக்க வேண்டுமா என்று முன்கூட்டித் திட்டமிட வந்தவை. அந்த அளவில் அவற்றின் மதிப்பு பெரிது.

இன்னொன்றும் உண்டு. எவ்வளவு நிறம் என்பது, எந்த அளவுச் சிக்னல் ஏற்றத்தை உண்மை என்று எடுத்துக்கொள்வது என்ற புள்ளியியல் எல்லையைப் பொறுத்தது. திரையில் ஒரு பட்டையை நகர்த்தினால் புள்ளி பெரிதாகும், எதிர்ப்பக்கம் நகர்த்தினால் சுருங்கும். அந்தச் சிவப்பு மஞ்சள் விளிம்பு மூளையில் உண்மையாகவே இருக்கிற எல்லை அல்ல. ஆகவே “புள்ளிக்கும் கட்டிக்கும் எட்டு மில்லிமீட்டர் இடைவெளி” என்று யாராவது சொன்னால் எந்த எல்லையில் என்று கேட்க வேண்டும். நான் நிறம் பூசிய படத்தைத் திறக்கும் முன் பூசாத மூலப் படத்தைத்தான் முதலில் பார்ப்பேன். முன்பு அறுவை நடந்து உலோகக் கிளிப் இருந்தாலோ, பழைய ரத்தக்கசிவு இருந்தாலோ, முக எலும்பின் காற்றறைகள் அருகில் இருந்தாலோ வேகமாக எடுக்கும் அந்த மூலப் படத்தில் ஒரு கறுப்புப் பள்ளம் விழுந்திருக்கும். சிக்னலே இல்லாத இடத்தில் நிறம் எப்படி வரும்?

பேச்சுக்கான படத்தில் பழக்குவது இன்னும் நுட்பமானது. ஒரு பெயர்ச்சொல் திரையில் வரும், அதோடு சேரும் வினையை மனதுக்குள் நினைக்க வேண்டும். அல்லது பாதி வாக்கியம் வரும், முடிக்க வேண்டும். வாய்விட்டுச் சொன்னால் தாடை தலையை அசைத்துவிடும் என்பதால் பெரும்பாலும் மனதுக்குள்தான். சரியாகச் செய்தாரா என்று நமக்குத் தெரியாது. வெளியே வந்ததும் “கத்திக்கு என்ன நினைச்சீங்க?” என்று கேட்டுப் பார்ப்பேன். அவர் எந்த மொழியில் சிந்திக்கிறாரோ அந்த மொழியில் சோதிக்க வேண்டும். இரண்டு மொழிகளில் வாழ்கிறவர் என்றால் இரண்டிலும். ஏற்கெனவே வார்த்தை தடுமாறுகிறவருக்குப் படத்தைக் காட்டிப் பெயர் நினைக்கச் சொல்வது போன்ற எளிய வேலை. திணறும் அளவுக்குக் கடினமாகக் கொடுத்தால் அவர் விட்டுவிடுவார், வெற்றுப் படம் வரும்.

பேச்சு எந்தப் பக்கம் என்பதை அறிய ஜூன் வாடா 1949இல் விவரித்த சோதனையில் கழுத்து ரத்தக்குழாய் வழியாக மருந்து செலுத்தி மூளையின் ஒரு பாதியைச் சில நிமிடம் உறங்க வைப்பார்கள். பெரும்பாலான நோயாளிகளுக்கு இன்று அந்தத் துன்பம் தேவைப்படுவதில்லை. எஃப்.எம்.ஆர்.ஐ. செய்த மிகப் பெரிய நன்மை இதுதான் என்பேன். வலக்கைக்காரர்களில் ஏறத்தாழ 100க்கு 95 பேருக்குப் பேச்சு இடப்பக்கம். இடக்கைக்காரர்களிலும் 70 பேருக்கு மேல் அப்படித்தான், ஆனால் மீதிப் பேருக்கு வலப்பக்கமோ இருபக்கமோ இருக்கலாம். அதனால் “எந்தக் கைப் பழக்கம்?” என்பதோடு நிறுத்தாமல், “சின்ன வயசுல எந்தக் கையால எழுத ஆரம்பிச்சீங்க?” என்றும் கேட்பேன். அடித்தும் மிரட்டியும் வலது கைக்கு மாற்றப்பட்டவர்கள் நிறையப் பேர். இந்த வயதில் அதை யாரிடமும் சொல்லத் தோன்றாது, கேட்டால்தான் வரும்.

வேலை செய்யவே முடியாதவர்கள், சின்னக் குழந்தைகள், மயக்க மருந்து கொடுத்தே எடுக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஓய்வு நிலைப் படம் உண்டு. இடது, வலது இயக்கப் பகுதிகள் சும்மா இருக்கும்போதும் ஒரே கதியில் மெல்ல ஏறி இறங்குகின்றன என்று பரத் பிஸ்வாலும் குழுவினரும் 1995இல் காட்டினார்கள். அதை வைத்து வலைப்பின்னல்களைப் பிரித்தெடுக்கலாம். கட்டியின் அருகில் ரத்தத் தொடர்பு அறுந்திருந்தால் இதுவும் அதே சிக்கலில் மாட்டும்.

மேற்பரப்பைக் காப்பாற்றிவிட்டு அடியில் போகும் பாதையை வெட்டினால் கை விழுந்துவிடும். அந்தப் பாதைகளைக் காட்டுவதுதான் ட்ராக்டோகிராஃபி. நரம்பு நார்க்கட்டுகளின் நீளவாக்கில் தண்ணீர் எளிதாகவும் குறுக்கே சிரமப்பட்டும் நகர்கிறது. பாஸரும் மாட்டியெல்லோவும் ல பிஹானும் 1994இல் அதைக் கணக்காக்கிக் காட்டினார்கள். படத்தில் இடம் வலமாக ஓடுவது சிவப்பு, முன் பின்னாக ஓடுவது பச்சை, மேல் கீழாக ஓடுவது நீலம். கட்டி ஒரு பாதையை ஒதுக்கித் தள்ளியிருக்கிறதா, ஊடுருவி அழித்திருக்கிறதா என்ற வித்தியாசம் இதில் தெரியும்போது எனக்கு எப்போதும் வியப்புதான். தள்ளப்பட்ட பாதை என்றால் அந்தப் பக்கத்திலிருந்து அணுகாமல் வேறு வழியில் போகலாம்.

இதிலும் அதே எச்சரிக்கை. கட்டியைச் சுற்றிய நீர்வீக்கத்துக்குள் கோடு பட்டென்று நின்றுவிடும். தண்ணீர் தேங்கிய பாதையில் கால்தடம் தெரியாமல் போவதுபோலத்தான், நடந்தவர் அங்கே நின்றுவிட்டார் என்று ஆகாது. இரண்டு நார்க்கட்டுகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் எளிய கணக்கு குழம்பும். கால் இயக்கத்துக்கான நார்கள் நேராக இறங்குவதால் அழகாக வரும். முகத்துக்கும் நாக்குக்கும் உரியவை பக்கவாட்டிலிருந்து மற்ற நார்களைக் கடந்து வர வேண்டியிருப்பதால் பல படங்களில் காணாமல் போகும். அதிகத் திசைகளில் அளந்து, புதிய கணக்கு முறைகளைப் பயன்படுத்தினால் நிலைமை தேறுகிறது, முழுக்கத் தீரவில்லை.

இந்தப் படங்களையெல்லாம் நியூரோ நேவிகேஷன் கருவியில் (சர்ஜனின் கருவி மூளையில் எங்கே இருக்கிறது என்று திரையில் காட்டுவது) ஏற்றி அறுவையின்போது பார்ப்பார்கள். மண்டை ஓட்டைத் திறந்து உறையை வெட்டியதும் மூளைத் தண்டுவட நீர் வெளியேறும், மூளை இறங்கும். கட்டியை எடுக்க எடுக்க இன்னும் நகரும். சில வேளைகளில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல். முந்தைய நாள் எடுத்த படம் அந்த நேரத்தில் உண்மையான இடத்தைக் காட்டாது. அறுவை அறையிலேயே எம்.ஆர்.ஐ. இருக்கும் இடங்களில் மறுபடி எடுத்துத் திருத்துகிறார்கள்.

இந்தப் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது சில. உடலில் பேஸ்மேக்கர், கிளிப், உலோகத் துண்டு எது இருந்தாலும் முதலில் சொல்லுங்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் பவர் எழுதிய சீட்டைக் கொண்டுவாருங்கள், உலோகச் சட்டம் உள்ளே வர முடியாது, எழுத்து தெரியாமல் பேச்சுச் சோதனை செய்யவும் முடியாது. வலிப்பு மாத்திரையை ஸ்கேனுக்காக நிறுத்தாதீர்கள். காலையில் ஃபிட்ஸ் வந்திருந்தால் மறைக்க வேண்டாம், உடனே எடுத்தால் படம் சரியாக வராது, வேறு நேரம் தரலாம். தூக்க மாத்திரை போட்டிருந்தாலும் சொல்லுங்கள். உள்ளே பாதியில் தூங்கிவிட்டாலோ, வார்த்தை வராமல் நின்றுவிட்டாலோ, விரல் களைத்து ஓய்ந்துவிட்டாலோ வெட்கப்படாமல் வெளியே வந்ததும் சொல்லிவிடுங்கள். அந்த நான்கைந்து நிமிடத்தை மட்டும் மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.